பழைய காரின் மீட்டர் போர்டு: பழுதை வெளியிலிருந்து உள்ளே தேடும் வழிகாட்டி

பெட்ரோல் முள் கீழே விழுந்து கிடக்கிறது என்று சொல்லிப் பட்டறையில் வண்டியை விட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘மீட்டர் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்பதுதான். 1980களிலும் 1990களிலும் வந்த கார்களைப் பொறுத்தவரை இந்தப் பதில் பல நேரங்களில் தவறானது. அந்தக் காலத்து மீட்டருக்குள் ஒரு சிறு கம்பிச் சுருளும் முள்ளும் இருக்கும். அவை எளிதில் கெடுவதில்லை. கெடுபவை மீட்டருக்கு வெளியே இருக்கின்றன: அதற்கு வரும் 12 வோல்ட் மின்சாரம், பாடியோடு அதை இணைக்கும் எர்த், டேங்கிலும் என்ஜினிலும் இருந்து அதற்குத் தகவல் அனுப்பும் சென்டர்கள், இவற்றுக்கு நடுவே ஒயர்களை இணைக்கும் கப்ளர்கள். ஆகவே டேஷ்போர்டைக் கழற்றுவது இந்த வழிகாட்டியில் கடைசி வேலையாக வருகிறது. வெளியே எடுக்க வேண்டிய அளவீடுகளை எல்லாம் எடுத்து முடித்து, அவை ‘குறை உள்ளேதான்’ என்று சொன்ன பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது முள் வைத்த மீட்டர்களுக்கும், கேபிளால் ஓடும் ஸ்பீடோமீட்டருக்கும் பொருந்தும். 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, அந்தக் காலத்து ஜப்பானியக் கார்கள் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். என்ஜின் கம்ப்யூட்டரோடு பேசிக்கொள்ளும் பிற்கால மீட்டர்களுக்கு ஸ்கேனர் வேண்டும். அது வேறு கதை.

முதலில் நம்ப வேண்டிய இரண்டு

ஆயில் விளக்கு எரிந்தாலும், வெப்பமானி முள் மேலே ஏறினாலும், அது மீட்டரின் கோளாறாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. உடனே என்ஜினை நிறுத்தி, ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்த்து, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரையும் பார்த்துவிட்டுத்தான் மின்சோதனைக்கு வர வேண்டும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. தண்ணீர் முழுவதும் கசிந்துபோன என்ஜினில் வெப்ப சென்டர் தண்ணீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்பதால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் குளிர்ந்த பக்கம் காட்டக்கூடும். முள் கீழே இருக்கிறது என்பதால் மட்டும் என்ஜின் நலமாக இருக்கிறது என்று பொருளாகாது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், முதலை கிளிப் வைத்த இரண்டு மூன்று ஒயர்கள், நைஸ் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், 10 எண் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஆகியவை போதும். இவற்றோடு 10 ஓம், 100 ஓம் மதிப்பில், 5 வாட் தாங்கும் ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ, எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த இரண்டு சிறு பொருள்களும், பல ஆயிரம் ரூபாய் மீட்டரை வீணாக மாற்றாமல் காக்கும். வண்டியின் ஒயரிங் வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் இதை நினைவில் கொள்ளலாம்: ஜப்பானிய, பிரிட்டிஷ் ஒயரிங்கில் எர்த் கருப்பு நிறம், ஜெர்மன் ஒயரிங்கில் எர்த் பழுப்பு நிறம், அங்கே கருப்பு ஒயரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து நிற்கும். இது தெரியாமல் ஜெர்மன் காரில் கருப்பு ஒயரை எர்த் என்று எண்ணிப் பாடியில் தொட்டால் ஃப்யூஸ் போகும்.

படி 1: உட்கார்ந்து கவனியுங்கள்

எதையும் கழற்றும் முன் ஓட்டுநர் இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, நடப்பதைத் தாளில் எழுதுங்கள். சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பியதும் ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, ஹேண்ட் பிரேக் விளக்கு எரிகின்றனவா? பெட்ரோல் முள் எந்த வேகத்தில் எழுகிறது? ஹெட்லைட்டைப் போட்டால், இண்டிகேட்டரைப் போட்டால், ஹார்ன் அடித்தால், வைப்பரைப் போட்டால் முள்கள் ஆடுகின்றனவா? இந்தக் குறிப்புகளிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியமானது, எவையெவை சேர்ந்து கெட்டிருக்கின்றன என்பது. பெட்ரோல் முள் மட்டும் படுத்திருந்து மற்றவை நன்றாக இருந்தால், டேங்க் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால், இரண்டு சென்டர்களும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான மின்வழியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டினால், எர்த் அல்லது பின்னால் சொல்லப்போகும் ஸ்டெபிலைசர். முள்கள் சரியாக இருந்து மீட்டருக்கு உள்ளிருந்து வெளிச்சம் தரும் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், பார்க்கிங் விளக்கின் ஃப்யூஸும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அந்தத் திருகு யார் கையோ பட்டுக் கடைசி வரை திரும்பியிருந்ததற்காக மீட்டரையே கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

முள் எழும் வேகமும் ஒரு செய்தி சொல்கிறது. மெதுவாக, சில விநாடிகள் எடுத்து எழுந்தால் அது சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை வகை. சாவி போட்டதும் துள்ளி எழுந்தால் அது காந்தச் சுருள் வகை. இந்த வேறுபாடு பின்னால் எர்த் வைத்துச் சோதிக்கும்போது தேவைப்படும்.

படி 2: மின்சாரம் வருகிறதா?

என்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவிலும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. மீட்டர் போர்டில் பல்பு மாற்றி மாற்றிப் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது ஃப்யூஸ். கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்யாமல், சாவி போட்ட நிலையில் ஃப்யூஸின் இரு முனைகளிலும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் எரிய வேண்டும். பல கார்களில் மீட்டருக்கு என்று தனி ஃப்யூஸ் கிடையாது. இண்டிகேட்டரோ, ரிவர்ஸ் விளக்கோ, வைப்பரோ அதே ஃப்யூஸில் இருக்கும். மீட்டரோடு சேர்ந்து இவற்றில் ஒன்றும் நின்றிருந்தால் வழி தெளிவாகிவிட்டது. ஃப்யூஸ் நன்றாக இருந்தும் அது உட்காரும் கவ்வி பச்சை பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். ஃப்யூஸை எடுத்து, கவ்வியை உப்புத்தாளால் தேய்த்து, சற்றே நெருக்கிவிட்டு மறுபடி போடுங்கள். போன ஃப்யூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃப்யூஸையோ செப்புக் கம்பியையோ வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் அடுத்து உருகப்போவது மீட்டரின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் சர்க்யூட் தாள்.

படி 3: எர்த்

என் அனுபவத்தில் பழைய கார்களின் மீட்டர் தொல்லைகளில் மிகுதியானவை இந்தப் படியிலேயே முடிந்திருக்கின்றன. என்னிடம் இருந்த ஒரு சிறிய காரில், இடது இண்டிகேட்டரைப் போடும்போதெல்லாம் பெட்ரோல் முள் அதே தாளத்தில் தலையாட்டியது. ஹெட்லைட்டைப் போட்டால் வெப்ப முள் ஒரு கோடு ஏறியது. மீட்டரை மாற்றச் சொன்னார்கள். டேஷ்போர்டின் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்டியரிங் தண்டின் பக்கத்து உலோகச் சட்டத்தில் மூன்று கருப்பு ஒயர்களை ஒன்றாகப் பிடித்திருக்க வேண்டிய வளையம், ஸ்க்ரூ இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டுப் பெட்டி பொருத்தியவர் தன் ஒயருக்கு இடம் வேண்டி அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, தன்னுடையதை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வளையத்தைத் தேய்த்து, சட்டத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, ஸ்க்ரூவை முடுக்கியதும் தலையாட்டம் நின்றது.

இப்படி நடப்பதற்கான காரணம் எளிது. தன் எர்த் அறுந்த மீட்டர், மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடுகிறது. எரியாத ஒரு பல்பின் வழியாகவோ, இன்னொரு சுற்றின் வழியாகவோ போகிறது. அந்தச் சுற்றில் விளக்கு எரிந்து அணையும்போது மீட்டரின் மின்னழுத்தமும் ஆடுகிறது. ஆகவே ஒரு முள் வேறொரு சுவிட்சுக்குக் கட்டுப்பட்டு ஆடினால், வேறு எதையும் தேடாமல் எர்த்தைத் தேடுங்கள்.

சோதிக்கும் முறை இது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை மீட்டரின் எர்த் ஒயர் சேரும் வளையத்திலும் வையுங்கள். சாவி, ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போட்ட நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் சரியில்லை. இதற்குப் பதிலாகச் சாவியை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரில் தொடர்பு இருப்பதைக் காட்டும் ‘பீப்’ சத்தம் வருகிறதா என்று பார்த்து முடித்துக்கொள்ளக் கூடாது. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் சத்தம் வரும், ஆனால் மின்சாரம் ஓடும்போது அந்த இழையால் தாங்க முடியாது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை எர்த்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெப்ப சென்டரும் ஆயில் சுவிட்சும் அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன.

படி 4: பெட்ரோல் முள்

டேங்கில் மிதக்கும் ஃப்ளோட் ஒரு கையை அசைக்க, அந்தக் கை ஒரு ரெசிஸ்டன்ஸ் தடத்தின் மீது உரசி நகர்கிறது. பல ஜப்பானிய வகைகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது சில ஓம்களும், காலியாக இருக்கும்போது 100 ஓம்களுக்கு மேலும் இருக்கும். விடிஓ போன்ற ஐரோப்பிய வகைகளில் இது தலைகீழ்: காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம். உங்கள் வண்டி எந்த வகை என்பதை அறிய, சாவியை அணைத்துப் பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ உள்ள சென்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, மறுபடி சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்கள். முதல் வகையில் முள் காலிப் பக்கம் விழும். இரண்டாம் வகையில் நிறைவைத் தாண்டிப் போகும்.

இந்த இடத்தில் பலர் செய்வது, கழற்றிய ஒயரை நேராகப் பாடியில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்ப்பது. டேங்குக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்கும் எந்த வேலையையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈருலோகப் பட்டை வகை மீட்டரில் நேரடி எர்த்தைச் சில விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் உள்ளே சூடேற்றும் கம்பியும் கருகிவிடும். அதற்காகத்தான் ரெசிஸ்டர்கள். சாவியை அணைத்துவிட்டு, கப்ளரின் மீட்டர் பக்கத்து ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டரை முதலை கிளிப்பால் மாட்டி, கதவுகளைத் திறந்து வைத்து, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாவியைப் போடுங்கள். ஜப்பானிய வகை என்றால் முள் நிறைவை ஒட்டி நிற்க வேண்டும். சாவியை அணைத்து 100 ஓமை மாட்டினால் காலியை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை. குறை டேங்கில் இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் ஒயரிலோ மீட்டரிலோ இருக்கிறது.

டேங்கில் என்றால், முதலில் சென்டரின் எர்த். டேங்க் ரப்பர் மெத்தை மீது உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனியே ஓர் எர்த் ஒயர் பாடிக்கு வரும். அது துருப்பிடித்து 20 ஓம் தடை சேர்ந்துவிட்டால் போதும், முழு டேங்கும் முக்கால் டேங்காகத் தெரியும். ‘எவ்வளவு போட்டாலும் முள் நிறைவுக்குப் போவதில்லை’ என்ற புலம்பலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். எர்த் சரியாக இருந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, திறந்த வெளியில், சென்டரை வெளியே எடுக்க வேண்டும். கையை மெல்ல மேலும் கீழும் நகர்த்தி ஓம் அளவைப் பாருங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொடர்பு அறுந்தால் அங்கே தடம் தேய்ந்திருக்கிறது. எப்போதும் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு ஓட்டிய வண்டிகளில் கால் டேங்க் அளவில்தான் இந்தத் தேய்மானம் இருக்கும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது. திரும்பப் போடும்போது அடியிலுள்ள ரப்பர் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்.

படி 5: வெப்ப முள்

என்ஜினில் தண்ணீர் ஓடும் இடத்தில் திருகப்பட்டிருக்கும் வெப்ப சென்டர், குளிரில் அதிக ஓமும் சூட்டில் குறைந்த ஓமும் காட்டும். அதன் ஒற்றை ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். அந்த ஒயரை இரண்டு விநாடி மட்டும் எர்த்தில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏறத் தொடங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சென்டரே சந்தேகத்துக்குரியது. அதைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் அதன் முனையை மூழ்கவைத்து ஓம் அளவைப் பார்த்தால், நீர் சூடாகச் சூடாக எண் இறங்குவது தெரியும். இறங்காமல் ஓரிடத்தில் நின்றால் மாற்றிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரேடியேட்டர் ஃபேன் சுவிட்சும், இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் என்ஜின் கம்ப்யூட்டரின் சென்சாரும் அருகிலேயே இருக்கும், மீட்டருக்கு உரியது எது என்று ஒயரைப் பின்தொடர்ந்து உறுதி செய்ய வேண்டும்.

புதிய சென்டர் போட்ட பிறகும் முள் குறைவாகவே காட்டினால், அதன் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஒயர் சென்டருக்கு அந்த மரைதான் எர்த். கசிவுக்குப் பயந்து நாலைந்து சுற்று டேப் சுற்றினால் எர்த் போய்விடும்.

இன்னொன்று, நம் ஊரில் மட்டும் அடிக்கடி பார்ப்பது. வெயில் ஊரில் எதற்கு என்று, என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அவற்றில் நெடுஞ்சாலையில் முள் கீழேயே கிடக்கும். மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. என்ஜின் அதன் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. மாற்ற வேண்டியது மீட்டரை அல்ல, தெர்மோஸ்டாட்டை.

படி 6: ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும்

ஆயில் விளக்கின் சுவிட்ச் என்ஜின் பிளாக்கில் இருக்கும். சாவி போட்டும் விளக்கு எரியவில்லை என்றால், அந்த ஒயரைக் கழற்றிப் பாடியில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்ச் கெட்டது. எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர். மாறாக, என்ஜின் ஓடும்போதும் விளக்கு அணையவில்லை, ஆயில் அளவும் சரி என்றால், சுவிட்சைக் கழற்றி அங்கே ஓர் அழுத்தமானியைத் திருகி உண்மையான அழுத்தத்தைப் பார்த்த பிறகே சுவிட்சைக் குறை சொல்ல வேண்டும்.

சார்ஜ் விளக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்தச் சிறு பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் காந்தத்தைத் தூண்டிச் சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. பல்பு போய்விட்டால், என்ஜினை நன்றாக முடுக்கும் வரை சார்ஜ் ஏறாமல் இருக்கலாம், ஏறாமலே போகவும் கூடும். ‘டைனமோ வேலை செய்யவில்லை’ என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன், சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மீட்டர் போர்டு முழுவதும் எல்.இ.டி. மாற்றுபவர்களும் இந்த ஒரு பல்பை மட்டும் பழையபடி இழை பல்பாகவே விட்டுவிட வேண்டும்.

படி 7: ஸ்பீடோமீட்டர்

கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அந்தக் காந்தம் தன்னைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது. மயிரிழை ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்க, முள் வேகத்துக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறது. கிலோமீட்டர் எண்கள் அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்களால் ஓடுகின்றன. எனவே முள்ளும் எண்களும் சேர்ந்து நின்றால் கேபிள் அல்லது கியர் பாக்ஸில் அதை ஓட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரம். முள் ஓடி எண்கள் மட்டும் நின்றால் மீட்டருக்குள் உள்ள சிறு பல்சக்கரம். எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் காந்தமும் கிண்ணமும் உள்ள மீட்டரின் தலை.

ஜப்பானிய முறை மீட்டர்களில் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 637 முறை சுற்றுவது வழக்கமான அளவு. இதை வைத்து ஓர் எளிய சோதனை செய்யலாம். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் சதுர முனையில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, நியூட்ரலில் வைத்து வண்டியைச் சமதரையில் 5 மீட்டர் தள்ளச் சொல்லுங்கள். காகிதம் மூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். சுற்றினால் கேபிளும் பல்சக்கரமும் நலம், மீட்டர்தான் குற்றவாளி. சுற்றாவிட்டால், கியர் பாக்ஸ் பக்கம் கழற்றி உள்கம்பியை விரலால் உருட்டுங்கள். மேல் முனை சேர்ந்து உருளாவிட்டால் கம்பி நடுவில் அறுந்திருக்கிறது. உருண்டால், கியர் பாக்ஸின் பல்சக்கரம் வழுக்கியிருக்கிறது.

முள் மெதுவான வேகத்தில் நடுங்கினாலும் கிறீச்சிட்டாலும், கேபிள் வறண்டிருக்கிறது அல்லது கூர்மையாக வளைந்திருக்கிறது. உள்கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூச வேண்டும். ஆனால் மீட்டர் பக்கம் கடைசி அரையடிக்குப் பூசாமல் விட வேண்டும். கம்பி சுழலும்போது கிரீஸ் அதன் மீது ஏறி மீட்டருக்குள் போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அது புகுந்தால், வண்டி நின்ற பிறகும் முள் இறங்காமல் நிற்கும்.

படி 8: இப்போது கழற்றலாம்

வெளியே எல்லாம் சரி என்று அளவீடு சொல்லிவிட்டால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டருக்கு வாருங்கள். கிலோமீட்டர் எண்ணையும் முள்கள் இருக்கும் இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் தண்டின் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்த பின், மீட்டரை ஒரு கையளவு முன்னால் இழுத்து, பின்னால் கைவிட்டு ஸ்பீடோ கேபிளின் பிடியை அழுத்திக் கழற்ற வேண்டும். முப்பது வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் காதுகள் இழுத்தால் வெடிக்கும். வராவிட்டால் எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

பின்பக்கம் செப்புத் தடங்கள் ஓடும் வளையும் பிளாஸ்டிக் தாள் இருக்கும். மீட்டர்களைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகளும் ஸ்க்ரூக்களும் மின்சாரத்தை அந்தத் தாளுக்குக் கடத்துபவையும்கூட. ஒவ்வொன்றையும் கால் சுற்று தளர்த்தி மறுபடி முடுக்கினாலே பல பழுதுகள் போய்விடும். கப்ளர் உட்காரும் இடத்தில் தடம் கறுத்திருந்தால் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துக் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். உப்புத்தாள் அந்த மெல்லிய செம்பைத் தின்றுவிடும். தடம் அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் இரு பக்கமும் ஈயம் வைத்து இணைக்கலாம், ஆனால் சூட்டுக்கோலை ஒரு விநாடிக்கு மேல் வைத்தால் தாள் சுருங்கும். பல்பு ஹோல்டரின் தகட்டுக் காதுகளைச் சற்றே வெளியே வளைத்துவிட்டால் தாளோடு நன்றாகத் தொடும். வெளிச்சம் போதவில்லை என்று வாட் கூடிய பல்பு போட்டால் ஹோல்டரும் தாளும் உருகும்.

பிரிட்டிஷ் வழி வந்த பல கார்களில் மீட்டரின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். சாவி போட்டு அதன் வெளிமுனையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் விளக்கு மினுக்க வேண்டும். மினுக்காமல் தொடர்ந்து எரிந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் உடலுக்கு எர்த் இல்லை. பெட்ரோலும் வெப்பமும் சேர்ந்து அதிகம் காட்டுவது இதனால்தான். எரியவே இல்லை என்றால் இரண்டும் செத்துக் கிடக்கும். 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டரை அந்த இடத்தில் வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள்; எர்த் சரியாக இருந்தால் அது நன்றாகவே உழைக்கிறது.

முள்ளை மட்டும் பிடுங்க வேண்டாம். மயிரிழை ஸ்பிரிங் ஒருமுறை வளைந்தால் அந்த மீட்டர் அதன் பிறகு எந்த வேகத்தையும் சரியாகச் சொல்லாது.

மாற்று மீட்டர் வாங்க வேண்டியிருந்தால்

சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியதும், புதுப்பேட்டையில் கழற்றியதும் தேடலாம். ஒரே மாடல் என்று சொன்னாலும், பின்பக்கத்துக் கப்ளர்களின் எண்ணிக்கை, ஊசிகளின் வரிசை, பெட்ரோலா டீசலா, ஸ்பீடோ கேபிள் பிடியின் வடிவம் ஆகியவை உங்கள் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பழைய மீட்டரையே கையில் எடுத்துப் போவது நல்லது. பெரும்பாலும் முழு மீட்டரையும் மாற்றாமல், அதிலிருந்து பெட்ரோல் மீட்டரை மட்டும் எடுத்து உங்களுடையதில் வைத்துவிட முடியும். கிலோமீட்டர் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கும். முழுவதும் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள்; வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அதைக் காட்ட வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது, மூடியின் ஸ்க்ரூக்களை முடுக்கும் முன்பே பேட்டரியை இணைத்து எல்லா விளக்குகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு நெடுஞ்சாலையில் மைல்கற்களை வைத்து 5 கிலோமீட்டர் ஓட்டிக் கிலோமீட்டர் எண்ணையும், பக்கத்தில் உட்காருபவரின் போனில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தோடு முள்ளையும் ஒப்பிடுங்கள். முள் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. குறைவாகக் காட்டினால் டயர் அளவு மாறியிருக்கிறதா என்று டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

அடுத்த முறை டேங்க் நிரப்பும்போது முள் எங்கே நிற்கிறது, ரிசர்வ் வந்தபோது எங்கே நின்றது, அந்த இடத்திலிருந்து நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று மூன்றையும் குறித்துக்கொண்டால், உங்கள் வண்டியின் முள்ளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இரண்டு நிரப்பலிலேயே தெரிந்துவிடும்.